கரடித் தாத்தா எழுந்து நிற்கும் விதம்

கார்ட்டூன் படக் கம்பெனியில் சேர்ந்தபோது அவளுக்குக் கிடைத்தது வானத்துக்கு நீலம் அடிக்கும் வேலைதான். அப்புறம் இலை, மீசை, வால் என்று முன்னேறி, இந்தப் படத்தில்தான் ஒரு முழு ஆளை நம்பி ஒப்படைத்தார்கள். ஆள் என்றால், கரடிக் குடும்பத்துத் தாத்தா.

வரைகிறவர்கள் முதலில் கண்ணாடி முன் நின்று நடித்துப் பார்ப்பது அந்தத் தொழிலின் வழக்கம். அவள் நடித்தாள், கண்ணாடியில் அவளுடைய அப்பா வந்து நின்றார். இடது கையை முட்டியில் ஊன்றி, பாதி எழுந்து, யாராவது பார்க்கிறார்களா என்று நோட்டம் விட்டு, அப்புறம் மீதியை எழுவார். அப்படியே வரைந்துவிட்டாள். கம்பெனியே கொண்டாடியது. அதற்குப் பிறகுதான், இதை அப்பாவும் பார்ப்பாரே என்பது அவளுக்கு உறைத்தது. பஸ் ஓட்டி ஓய்ந்த மனிதர் அவர். முட்டி வலி என்று வாயைத் திறந்தாலே எரிந்து விழுவார். கைத்தடி வாங்கி வந்த மருமகனோடு ஒரு மாதம் பேசவில்லை.

படம் வந்த ஞாயிற்றுக்கிழமை அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பார்த்தாள். உள்ளதைச் சொல்ல வேண்டும்: காடு கண்ணைப் பறித்தது, மழைக் காட்சியில் உடம்பே சிலிர்த்தது. ஆனால் இடைவேளைக்குப் பிறகு கதை நொண்டியடித்தது. பிள்ளைகள் நெளிய ஆரம்பித்தார்கள். அப்போது கரடித் தாத்தா எழுந்தார். அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

வெளியே வரும்போது அவரே ஆரம்பித்தார்.

"கதையில உப்பே இல்லம்மா. அந்த நரி எதுக்குத் திடீர்னு நல்லவனாச்சு?"

"ஆமாப்பா."

"பாட்டு வேற, இழு இழுன்னு இழுக்குது. மழை மட்டும் பரவாயில்ல."

கரடியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

வாசல் கூடத்தில் ஒரு சின்னப் பெண் தன் அம்மாவுக்குக் கரடித் தாத்தாவை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். அப்பா நின்றுவிட்டார்.

"அப்படி இல்ல பாப்பா. தாத்தா பண்றதப் பாரு."

அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். இடது கையை ஊன்றினார். பாதி எழுந்து சுற்றும் முற்றும் பார்த்தார். கூட்டம் கூடிவிட்டதா என்று பார்த்தவர், கூடிய பிறகுதான் மீதியை எழுந்தார். கைதட்டல் காதைப் பிளந்தது.

"ஐயோ, அந்தக் கரடி மாதிரியே பண்றீங்க தாத்தா!"

"மாதிரி என்ன மாதிரி? அது நான்தான்," என்றார் அப்பா, பஸ்ஸின் கடைசி சீட்டுக்கும் கேட்கிற குரலில். "வரைஞ்சது என் பொண்ணு. இதோ நிக்கிறாளே, இவதான்."