ஆறரை சென்டிமீட்டர்: கடலூரிலிருந்து கிள்ளை வரை

2024 ஜூன் 14, வெள்ளிக்கிழமை, காலை 6.10. மஞ்சக்குப்பத்தில் என் தாய்மாமன் செல்வத்தின் வெல்டிங் பட்டறை வாசலில் எங்கள் பழைய ஜீப்பைக் கிளப்பினேன். அதற்கு முன் தரையில் மண்டியிட்டு, அளவுநாடாவால் இரண்டு அளவுகள் எடுத்துக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸின் கீழ்விளிம்பு முன்பக்கத்தில் தரையிலிருந்து 41 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தது, பின்பக்கத்தில் 47.5. முன்பக்கம் ஆறரை சென்டிமீட்டர் தாழ்ந்து, மண்ணை மோந்து பார்ப்பதுபோல் நின்றது வண்டி.

இந்த ஆறரை சென்டிமீட்டரால்தான் ஜீப் விலைக்கு வந்தது. கிள்ளையில் எங்களுக்கு ஓர் இறால் குட்டை உண்டு. கடல்நீர் ஏறும் நேரங்களில் அதற்குப் போகும் கரைப்பாதை சேறாகிவிடும். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி இல்லாமல் தீவன மூட்டைகள் அங்கே போய்ச் சேரா. சென்ற மாதம் ஜீப்பின் மூக்கு இரண்டு முறை அந்தச் சேற்றில் புதைந்தது. இரண்டாம் முறை, இருபத்தைந்து கிலோ மூட்டைகள் பத்தை அம்மா ஒவ்வொன்றாகத் தோளில் சுமந்து நானூறு மீட்டர் நடந்தார். அன்று மாலையே தரகரிடம் சொல்லிவிட்டார். வடலூரிலிருந்து ஒருவர் முன்பணத்தோடு சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கிள்ளைக்கு வருவதாக ஏற்பாடாகி, விற்குமுன் சில்லறை ஒட்டுவேலை பார்க்க வண்டியும் மாமா பட்டறைக்கு வந்துவிட்டது. ஜீப் போனால் குட்டையையும் குத்தகைக்கு விட்டுவிடுவது என்பது அம்மாவின் முடிவு. நான் ஒரு நாள் அவகாசம் கேட்டேன்.

"வெள்ளிக்கெழம பொழுதுக்குள்ள மூக்கு நிமிந்துச்சுன்னா பாப்போம். ஆறாயிரத்துக்கு மேல ஒரு ரூபா கெடையாது" என்று அம்மா தொலைபேசியில் சொல்லியிருந்தார்.

கெடிலம் பாலத்தைத் தாண்டித் தெற்கே திரும்பினோம். மாமா இடப்பக்க இருக்கையில் இருந்தார்.

"பாப்பா, நாப்பதுக்கு மேல ஏறாதா இது? பின்னாடி டிராக்டர்காரன் ஆரன் அடிக்கிறான், அசிங்கமா இருக்கு."

"நாப்பதுக்கு மேல போனா ஸ்டேரிங் ஆடுது மாமா."

"ஸ்டேரிங் ஆடுதா, கை ஆடுதா?"

இரண்டும்தான் ஆடின.

7.15க்குப் புதுச்சத்திரத்தில் நிறுத்தினோம். தேநீர் பன்னிரண்டு ரூபாய். லாரி ஓட்டுநர் ஒருவர் ஜீப்பின் முன்னால் மோதல் தாங்கும் தடுப்பாக இருந்த இரும்புக் கார்டைச் சுற்றிவந்து பார்த்தார். "என்னாண்ணே, யானை மேல மோதப் போறீங்களா?" என்று கேட்டார். மாமா அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். ஆறு ஆண்டுகளுக்கு முன் நாங்கள் ஜீப் வாங்கியபோது, கடலூர் துறைமுகத்தில் கிடைத்த பழைய சேனல் இரும்பை வாங்கி, அந்தக் கார்டைத் தம் கையாலேயே செய்து சேஸிஸோடு பற்றவைத்துப் பரிசாகத் தந்தவர் அவர். எத்தனை நாள் வேலை, எத்தனை வெல்டிங் ராடு தீர்ந்தது என்பதையெல்லாம் ஓட்டுநரின் தேநீர் ஆறும்வரை சொன்னார்.

8.20. ஜீப்பின் கணக்குப்படி நாற்பத்தைந்து கிலோமீட்டர் கடந்து, சிதம்பரம் புறவழிச்சாலையில் பீட்டர் அண்ணனின் கமான் பட்டறையை அடைந்தோம். வளைந்த இரும்புப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய கட்டுதான் கமான். ஜீப்பின் எடையைத் தாங்குவது அதுதான். பீட்டர் அண்ணனும் மாமாவும் ஐ.டி.ஐ.யில் ஒன்றாகப் படித்தவர்கள். அவர் வண்டிக்கடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"ரெண்டு பக்கமும் புது செட்டு போட்டுரலாம். ஜாஸ்தி வெயிட் தாங்குற செட்டு. பதிமூவாயிரத்தி ஐநூறு ஆவும்."

"எதுக்குண்ணே ஜாஸ்தி வெயிட்? முன்னால நாங்க எதுவும் ஏத்துறதில்லையே" என்றேன்.

அவர் மாமாவைப் பார்த்தார்; பிறகு தம் கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தார். மாமா கைப்பேசியோடு சாலைப்பக்கம் நகர்ந்ததும் நான் குரலைத் தாழ்த்தி, "இந்தக் கார்டு இல்லேன்னா?" என்று கேட்டேன்.

"அத நான் சொல்லக் கூடாதும்மா. அவன் கை வேலை அது. ஒரு பட்டறைக்காரன் வேலைய இன்னொருத்தன் நொட்ட சொல்றது எங்களுக்குள்ள கெடையாது. என் கமான அவன் நாலு பேரு முன்னால கொற சொன்னா எனக்கு எப்பிடி இருக்கும்?"

வண்டி வந்து நின்ற கணத்திலேயே அவருக்குக் காரணம் தெரிந்திருக்கிறது. நண்பரின் முகம் வாடாமலிருக்க, அந்தக் கார்டைச் சுமக்கும் அளவுக்கு வலுவான கமானை எங்கள் தலையில் கட்டவும் தயாராக இருந்தார். அந்த மரியாதைக்கு விலையாகப் போகவிருந்தது எங்கள் குட்டை.

எனக்கு அந்தத் தொழில் கட்டுப்பாடு இல்லை. ஆனால் நேருக்கு நேர் சொல்லும் வழக்கமும் இல்லை. எந்த வாக்கியத்தை எப்படி அமைத்தாலும் அது குற்றச்சாட்டாகவே முடிந்தது. மாமா திரும்பி வந்தபோது வாக்கியத்தைக் கைவிட்டு அளவுநாடாவை எடுத்தேன்.

"மாமா, கொஞ்சம் கார்டு மேல உக்காருங்க."

"எதுக்கு, போட்டோவா?" தலையைக் கோதிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். குனிந்து அளந்தேன்: 39.5.

"உங்க வெயிட் எவ்ளோ மாமா?"

"எழுவது."

"நீங்க உக்காந்தா ஒன்னரை சென்டிமீட்டர் எறங்குது. கார்டு எத்தனை கிலோ?"

அந்த இரும்பை எடைபோட்டு வாங்கியவர் அவர்தான்.

"தொண்ணூறு." பிறகு மெல்ல இறங்கி, கார்டைத் தட்டிப் பார்த்தார். "அப்போ ஆறு வருஷமா நான் வண்டிக்கு முன்னால குந்திகினு வரேன்னு சொல்ற."

"நீயும், மடியில ஒரு ஆட்டுக்குட்டியும்" என்றார் பீட்டர் அண்ணன்.

"ஏன்டா, நீ ஒரு வார்த்த சொல்லிருக்கலாமில்ல?"

"சொன்னா நீ அடிப்பியே மச்சான்."

மாமா சிரித்துவிட்டார். பட்டறை ஆள் ஒருவர் கட்டிங் மெஷினை எடுத்ததும் மாமா கையை நீட்டித் தடுத்தார். "யாரும் தொடாதீங்க. என் வெல்டிங்க நான்தான் அறுப்பேன்."

அறுத்து முடிக்க ஐம்பது நிமிடங்கள் ஆயின. தீப்பொறிகளுக்கு நடுவே, "வுடுதா பாரு! ஆறு வருஷம் உப்புத் தண்ணில கெடந்தும் வுடுதா பாரு!" என்று அவர் குரல் கேட்டுக்கொண்டேயிருந்தது. கார்டு தரையில் விழுந்தபோது ஜீப்பின் முகம் கண்ணெதிரே உயர்ந்தது. முன்பக்கம் 43, பின்பக்கம் அரை சென்டிமீட்டர் இறங்கி 47. ஒரு ரூபாய்கூடச் செலவாகாமல் ஆறரை நான்காகிவிட்டது.

மீதியைப் பீட்டர் அண்ணன் பார்த்துக்கொண்டார். பழைய பட்டைக் குவியலில் ஒரே வளைவுள்ள இரண்டைத் தேடி எடுத்து, பக்கத்துக்கு ஒன்றாகக் கட்டில் சேர்த்தார். கமானை அச்சோடு பிணைக்கும் யூ-போல்ட்டுகள் நான்கும் தளர்ந்திருந்தன. ஸ்டியரிங் ஆடியதற்கு அவையே காரணம் என்று சொல்லிப் புதியவை மாட்டினார். பட்டைகள் 2,200, போல்ட்டுகள் 800, கூலி 1,500. மொத்தம் நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய். பகல் 2.40க்கு அளந்தேன். முன்பக்கம் 46, பின்பக்கம் 47.

"அந்த ஒரு சென்டிமீட்டர் இருக்கட்டும்மா. மூட்ட ஏத்துனா பின்னாடி தானா எறங்கும்" என்றார் பீட்டர் அண்ணன்.

கார்டைப் பழைய இரும்புக்குப் போட மாமா சம்மதிக்கவில்லை. குட்டை மதகுக்குக் கதவு செய்யப் போவதாகச் சொல்லி, நான்கு பேர் துணையோடு அதை ஜீப்பின் பின்புறம் ஏற்றினார்.

மாலை 4.00. கிள்ளைச் சாலையில் வேகமானி முள் ஐம்பதைத் தொட்டது, ஸ்டியரிங் அசையவில்லை. இதுவரை இருக்கையிலிருந்து முன்னால் சரிந்து, கால்களை ஊன்றிக்கொண்டே ஓட்டிப் பழகியிருந்தேன். அன்றுதான் முதுகு இருக்கையில் முழுதாகச் சாய்ந்தது. மாமா இடையில் ஒருமுறை, "மெதுவா போ பாப்பா" என்றார். அதைக் கேட்டு எனக்குப் பெருமையாக இருந்தது.

வீட்டு வாசலில் அம்மா ஜீப்பைப் பக்கவாட்டில் நின்று பார்த்தார். கார்டு இல்லாத முகத்தையும் தம்பியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "ரோட்டுல எல்லா வண்டியும்தான் ஓடும். காலையில தண்ணி ஏறட்டும், பாப்போம்" என்று மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை காலை 5.50. கடல்நீர் ஏறி, கரைப்பாதை கறுப்பாகப் பளபளத்தது. பத்து மூட்டைகளை ஏற்றினோம். அம்மா பக்கத்தில் ஏறி, கைப்பிடியை இரு கைகளாலும் பற்றிக்கொண்டார். நான்கு சக்கர இழுவை லிவரைத் தள்ளி, தாழ்ந்த கியரில் மெல்ல இறக்கினேன். முன்பு புதைந்த இடத்தில் சேறு சக்கரத்தின் பாதிவரை வந்தது. முகம் எதிலும் இடிக்கவில்லை. ஒரு குலுக்கல், ஒரு சரிவு, பிறகு மறுபக்கத்துக் கெட்டித் தரை.

அம்மா இறங்கிப் பின்னால் நடந்து போய்ப் பாதையைப் பார்த்தார். சக்கரத் தடங்கள் இரண்டு மட்டுமே இருந்தன. நடுவே ஜீப்பின் மூக்கு உழுத கோடு இல்லை. திரும்பி வந்து முதல் மூட்டையின் மேல் கையை வைத்தார்.

"தரகருக்குப் போன் போடு. அவுங்க வடலூர்ல பஸ் ஏறுறதுக்குள்ள சொல்லிடு."

அறியாதவர்களை அழைத்துப் பேச நேர்ந்தால் நான் எப்போதும் குறுஞ்செய்தியில் ஒளிந்துகொள்பவள். அன்று அழைத்தேன்.

"அண்ணே, ஜீப் விக்கல. அவர வர வேணாம்னு சொல்லிடுங்க."

"வெல பத்தலியாம்மா? ஏத்திக் கேக்கட்டுமா?"

"வேணாம்ணே. வண்டிக்கு இங்க வேல இருக்கு."

மணி 6.25. மூட்டைகளை இறக்கிவிட்டு, இரண்டாம் நடைக்காக ஜீப்பை அதே சேற்றுக்குள் திருப்பினேன்.