பூண்டியில் ஜீப் விற்ற அம்மா

மலைமேல் இருக்கும் பூண்டியில் ஒரு பழைய ஜீப் விலைக்கு இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் அடிவாரத்துக் கன்னிவாடியிலிருந்து அடித்துப்பிடித்து ஓடினேன். நாலு மாதமாக வேலை இல்லை. காய்கறி மூட்டை ஏற்ற ஒரு வண்டி கிடைத்தால் பிழைத்துக்கொள்வேன்.

விற்பவர் பூண்டு பயிர் போடும் ஓர் அம்மா. சேலைக்கு மேல் ஆண்பிள்ளை ஸ்வெட்டர், தலையில் கம்பளிக் குல்லா, நகக்கண்ணெல்லாம் மண். நான் பானெட்டைத் திறக்கும் முன்பே சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"வண்டியப் பெறகு பாருங்க. மொதல்ல நீங்க ஓட்டுறத நான் பாக்கணும்."

ஓடை வரை ஒரே இறக்கம். நன்றாகத்தான் இறக்கினேன். நின்றதும் அவர் இறங்கிக் குனிந்து முன்சக்கரத்தை மோந்து பார்த்தார்.

"பிரேக்கு கருகுது. கீழ்நாட்டு ஓட்டம், மலைக்கு ஆகாது! உங்களுக்குக் குடுத்தா ஒரே மாசத்துல பள்ளத்துல கெடப்பீங்க. தர மாட்டேன்."

"இன்னொரு தடவ பாருங்கம்மா" என்று கெஞ்சினேன்.

மேலே ஏறி, சக்கரம் ஆறும்வரை காத்திருந்தோம். இந்த முறை இரண்டாம் கியரிலேயே விட்டேன். பிரேக்கைத் தொட்டது இரண்டே வளைவில். எஞ்சின் வண்டியைப் பிடித்து வைத்துக்கொண்டு உறுமியது. என் நெஞ்சு அதைவிட உறுமியது. கீழே அவர் நாலு சக்கரத்தையும் மோந்தார்.

"எடுத்துக்கங்க."

பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, "ஏறுங்கம்மா, வீட்டுல விடுறேன்" என்றேன்.

"வித்த வண்டியில ஏற மாட்டேங்க" என்று ஏற்றத்தில் வெரசாக நடந்தார். சந்தோஷம் தாங்காமல் ஹாரனை அழுத்தினேன்.

"அமுக்காதீங்க, பேட்டரி வீக்கு!" என்றார், திரும்பாமலே.

அப்போதுதான் உறைத்தது, பானெட்டை நான் திறக்கவே இல்லை. ஏமாந்தேனா, தேறினேனா என்று இன்றும் தெரியவில்லை. வண்டி ஓடுகிறது.