ஊடை அறுந்தால் நிற்க வேண்டும்

எண்பதுகளின் கடைசியில் திருத்தணியிலிருந்து சென்னைக்கு ரயிலில் போய்க் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவள் எங்கள் தெருவில் நான் ஒருத்திதான். அதைப் பெருமையாகச் சொன்னவர்களும் உண்டு, அப்பன் பெண்ணை அவிழ்த்து விட்டிருக்கிறான் என்று சொன்னவர்களும் உண்டு. இரண்டாவது ரகம் கொஞ்சம் அதிகம். நைனா முதலில் யார் பேச்சையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் நான் சாயந்தர வண்டியைத் தவறவிட்டு அதற்கடுத்த வண்டியில் வந்து இறங்குவது வழக்கமாகிப் போனதும் அவர் முகம் மாறிவிட்டது. ஒரு நாள் ஸ்டேஷன் வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டே சொல்லிவிட்டார்.

"இத பாரும்மா, இந்த மாசம் போவட்டும். அப்பறமும் லேட்டு வண்டிலதான் வருவேன்னா வேலைய வுட்டுடு. தறிய வுட்டுட்டு நான் எத்தினி நாளு இங்க வந்து நின்னுகினு இருக்கறது?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் மேல் இல்லை. எனக்கு நேரமானதற்குக் காரணம் வேலையே அல்ல, வெறும் காத்திருப்பு.

மோட்டார் உதிரிபாகக் கடைகளின் சரக்கு விவரத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தரும் சின்னக் கம்பெனி அது. பகலில் கிளைகளின் விவரங்களை ஏற்றுவோம். மாலையில் நான் டெர்மினல் முன் உட்கார்ந்து கமாண்டுகளை ஒவ்வொன்றாக அடிக்க வேண்டும். கிளை ஃபைல்களை ஒன்று சேர்ப்பது, வரிசைப்படுத்துவது, முதன்மை ஃபைலோடு இணைப்பது, பழையதை நீக்கிவிட்டு அந்த இடத்தில் புதியதை வைப்பது, கடைசியில் அச்சடிப்பது. ஒன்றை அடித்தால் அது முடியும்வரை திரையை வெறித்துக்கொண்டிருக்க வேண்டும். தினமும் அதே கமாண்டுகள், அதே வரிசை. இதற்கு நான் எதற்கு?

அந்த யூனிக்ஸ் மிஷினோடு ஒரு தடித்த புத்தகம் வந்திருந்தது. அடிக்கிற கமாண்டுகளையே ஒரு ஃபைலில் எழுதி வைத்துவிட்டு, அந்த ஃபைலின் பெயரை மட்டும் அடித்தால் போதும், நாம் அடிப்பதை வாங்கி நடத்தும் ஷெல் என்ற புரோகிராம் அவற்றை வரிசையாக நடத்திக்கொள்ளும் என்று அதில் போட்டிருந்தது. சாப்பாட்டு வேளையில் எழுதி முடித்து, மேலதிகாரியிடம் கொண்டு போய்க் காட்டினேன். அவர் நல்ல மனிதர், ஆனால் எதையும் எளிதில் நம்ப மாட்டார்.

"ஏம்மா, இணைக்கிறது பாதில புட்டுக்கிச்சுன்னா? அதுபாட்டுக்கு அடுத்த கமாண்டுக்குப் போயி பழச அழிச்சிடும். நீ ரயில்ல உக்காந்துகினு இருப்ப. ஆள் இல்லாம மிஷின் ஓடக் கூடாது."

சுருக்கென்றது, ஏனென்றால் அவர் சொன்னது சரி. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த மனிதரைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் நைனாவின் விசைத்தறிகளுக்கு நடுவே உட்கார்ந்து ஊடைக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தேன். நாலு தறி, பார்ப்பது அவர் ஒருவர்தான். ஒரு தறி பட்டென்று நின்றது. குறுக்கே ஓடும் ஊடை நூல் அறுந்தால் ஒரு சின்ன முள் தறியைத் தானாகவே நிறுத்திவிடும். அவர் சாவகாசமாகப் போய் நூலைப் பார்த்தார். மற்ற மூன்றும் ஓடிக்கொண்டிருந்தன. பிறந்ததிலிருந்து பார்த்த காட்சி. ஆனால் அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. ஒரு ஆள் நாலு தறியைப் பார்க்க முடிவது தறி ஓடுவதால் அல்ல, நிற்பதால்.

திங்கட்கிழமை மறுபடி புத்தகத்தைப் புரட்டினேன். அந்த முள் ஷெல்லிலும் இருந்தது. இரண்டு கமாண்டுகளுக்கு நடுவே && என்று போட்டால், முதலாவது ஒழுங்காக முடிந்தால்தான் இரண்டாவது நடக்கும். எங்கே நின்றது, ஏன் நின்றது என்பதை ஒரு தனி ஃபைலில் எழுதி வைக்கவும் ஷெல்லுக்குச் சொல்லிக் கொடுத்தேன். டெர்மினலை விட்டு வெளியேறினால் ஓடிக்கொண்டிருப்பதும் செத்துவிடும் என்பதால் நான் போன பிறகும் அதை ஓடவிடும் 'நோஹப்' என்ற கமாண்டை முன்னால் சேர்த்தேன். மேலதிகாரியின் மேஜைக்கு நடையாய் நடந்தேன். என் தொல்லை தாங்காமல்தான் ஒத்துக்கொண்டார்.

"ஒரே ஒரு நாள். காலைல லிஸ்ட் இல்லன்னா இந்தப் பேச்சே எடுக்காத."

அன்று சாயந்தர வண்டியில் இடம் கிடைத்தும் என்னால் உட்கார முடியவில்லை. அரக்கோணம் தாண்டியும் மனம் டெர்மினல் முன்னால்தான் இருந்தது.

காலையில் போனால் அச்சு மிஷினில் ஒரு தாளும் இல்லை. பக்கத்திலேயே அவர் நின்றிருந்தார்.

"நின்னு போச்சு, பாத்தியா?"

டெர்மினலைத் திறந்து அந்தத் தனி ஃபைலைப் பார்த்தேன். இணைக்கும்போது டிஸ்கில் இடம் போதவில்லை, அங்கேயே நிறுத்திவிட்டேன் என்று எழுதியிருந்தது. முதன்மை ஃபைலைத் தேடினேன். ஓர் எழுத்துக் குறையாமல் அப்படியே இருந்தது.

"நின்னதாலதான் சார் பழசு பொழைச்சுது," என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அதற்காக நான் வருத்தப்படவில்லை.

அவர் குனிந்து அந்த ஃபைலை ஒரு முறை படித்தார். நான் வேண்டாத ஃபைல்களை அழித்துவிட்டு, நின்ற இடத்திலிருந்தே மீண்டும் ஓடவிட்டேன். காப்பி வருவதற்குள் லிஸ்ட் அச்சாகி விழ ஆரம்பித்தது.

"இடம் இருக்குதான்னு மொதல்ல பாத்துட்டு ஆரம்பிக்கச் சொல்லு அத," என்றார். "இன்னிலருந்து தெனம் போடு."

அன்று மாலை திருத்தணி ஸ்டேஷனில் இறங்கியபோது மலை மேல் இன்னும் வெளிச்சம் இருந்தது. நைனா நின்றிருந்தார்.

"ரெண்டு நாளா சீக்கிரம் வர்றியே. அங்க வேலைய யாரு பாத்துக்கறா?"

"அது ஓடிக்கினு இருக்குது நைனா. ஊடை அறுந்தா நின்னுடும்."

வேறு விளக்கம் அவருக்குத் தேவைப்படவில்லை. "ஆங்," என்றார். சைக்கிள் சாவியை எடுத்து என் கையில் வைத்தார்.

"நாளைலருந்து நீயே சைக்கிள ஸ்டாண்டுல வுட்டுட்டுப் போ. நான் எதுக்கு இங்க வந்து நின்னுகினு?"

பிறகு கேரியரில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "மிதி," என்றார். அவரைப் பின்னால் வைத்துக்கொண்டு, எங்கள் தெரு முழுக்கப் பார்க்க, நான் மிதித்துக்கொண்டு போனேன்.