ஐஸ்கிரீம் டப்பாவில் அரசியலமைப்புச் சட்டம்

அருணாதேவி வீட்டு ஃப்ரிட்ஜில் ஐஸ்கிரீம் டப்பாவைப் பார்த்து ஆசையாகத் திறந்த யாரும் இதுவரை ஐஸ்கிரீம் சாப்பிட்டதில்லை. உள்ளே வத்தக்குழம்பு இருக்கும். இல்லாவிட்டால் வதக்கின வெங்காயம் தக்காளி. ஆறாவது படிக்கும் மகள் தென்றல் மூன்று முறை ஏமாந்து, அதற்கப்புறம் மூடியைப் படித்துவிட்டுத் திறக்கப் பழகிக்கொண்டாள்.

அருணாதேவிக்கு வேங்கிக்காலில் ஒரு அரசு அலுவலகத்தில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் வேலை. தற்காலிகம்தான், ஆனால் அந்தத் தற்காலிகத்துக்கு எட்டு வயதாகிவிட்டது. கணவர் சகாதேவன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். மகன் அருண்பிரசாத் பத்தாவது. நாலு பேருக்கு நாலு நேரம், நாலு டிபன் பாக்ஸ். இந்த அமளிக்கு நடுவில் அவள் குரூப் ஃபோர் பரீட்சைக்கும் படித்தாள். இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் நூலிழையில் போனது. "இந்த வாட்டியும் வரலன்னா புக்கையெல்லாம் எடைக்குப் போட்டுடுவேன்" என்று வீட்டில் அறிவித்துவிட்டாள். சொன்னால் செய்கிற ஆள்.

படிக்க நேரம் தேடிப் பார்த்ததில், விடிகாலை இரண்டு மணி நேரம் அடுப்படியிலேயே போவது தெரிந்தது. அதை மீட்கத்தான் ஞாயிற்றுக்கிழமைச் சமையல். உழவர் சந்தையில் தக்காளி மலிந்த வாரம் பார்த்துக் கூடையோடு வாங்குவாள். வெங்காயமும் தக்காளியும் சுருள வதக்கினால் பாதி குருமாவுக்கு, பாதி குழம்புக்கு. பருப்பு வேகவைத்து, புளிக்காய்ச்சல் கிண்டி, தேங்காய் துருவி, சப்பாத்தியை அரைவேக்காட்டில் எடுத்து, எல்லாவற்றையும் நன்றாக ஆறவிட்டு டப்பாவில் அடைப்பாள். உருளைக்கிழங்கு மட்டும் கிடையாது. ஐஸில் வைத்தால் சவசவ என்று ஆகிவிடும் என்பது அவள் பட்டுத் தெரிந்துகொண்டது.

மூடிமேல் பிளாஸ்திரி ஒட்டிப் பெயரும் தேதியும் எழுதுவாள். அதற்குக் கீழே ஒரு பரீட்சைக் கேள்வி. பதில் டப்பாவின் அடிப்பக்கம். குழம்பு எடுக்கும்போதெல்லாம் ஒரு கேள்வியைப் படித்தமாதிரி ஆயிற்றல்லவா!

இதைக் கேலி செய்யாதவர்கள் கிடையாது. அதில் முதல் ஆள் நாத்தனார் பாஞ்சாலை. கீழ்பென்னாத்தூரில் நெல்லும், மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் போடுகிற சம்சாரி. வாய் கொஞ்சம் ஜாஸ்தி. "ஃப்ரீசர்னா எங்க ஊர்ல எழவு வீட்டுக்குக் கொண்டாருவாங்க. நீ அதுல சாம்பாரைப் படுக்க வெச்சிருக்கியே அருணா" என்பாள். அருணாதேவி சிரித்து வைப்பாள். உள்ளுக்குள் சுருக்கென்றிருக்கும்.

அந்த முறை பரீட்சை ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் சனிக்கிழமை பௌர்ணமி. கிரிவலத்துக்கு வருகிற சொந்தக்காரர்கள் சாப்பிடாமல் அந்த வீட்டு வாசலைத் தாண்ட முடியாது. பன்னிரண்டு பேராவது வருவார்கள். கடைசி நாளில் அடுப்படியில் நின்றால் படித்ததெல்லாம் ஆவியாகிவிடும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் இரண்டு வாரமாகச் சேர்த்தாள். மேல்தட்டு கொள்ளாமல் பதினேழு டப்பா. சனிக்கிழமை சோறு மட்டும் வடித்தால் போதும்.

வெள்ளிக்கிழமை கீழ்பென்னாத்தூரில் ஒரு காதுகுத்து. காலை ஏழு மணிக்கே கிளம்பினார்கள். எப்போதும் கடைசியாக வீட்டைப் பூட்டுகிறவள் அருணாதேவிதான். அன்று மடியில் சீர்த்தட்டோடு ஆட்டோவில் முதலில் உட்கார்ந்துவிட்டாள். பூட்டியவர் சகாதேவன். அவருக்குக் கரண்ட் என்றாலே பயம். வெளியூர் போனால் மெயினை இறக்கிவிட்டுத்தான் பூட்டுவார். அன்றும் பொறுப்பாக இறக்கினார்.

சாயங்காலம் ஐந்தரைக்குப் பாஞ்சாலையையும் கூட்டிக்கொண்டு திரும்பினார்கள். அடுப்படியில் கால் வைத்த தென்றல், "அம்மா, தண்ணி!" என்றாள். ஃப்ரிட்ஜுக்குக் கீழே குளம்.

அருணாதேவி கத்தவில்லை. அதுதான் சகாதேவனுக்குப் பயமாக இருந்தது. தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "போச்சுங்க. இந்த வாட்டியும் போச்சு" என்றாள். கண் நிறைந்துவிட்டது.

"நான் வந்து... கரண்ட்டுன்னு..." என்று சகாதேவன் தலையைச் சொறிந்தார்.

"டேய், நீ மொதல்ல மெயினைப் போட்டுட்டு துடைப்பத்தை எடு" என்றாள் பாஞ்சாலை.

இதோ, குத்திக்காட்டப் போகிறாள் என்று அருணாதேவி தலையைக் குனிந்துகொண்டாள். பாஞ்சாலை புடவையைச் செருகிக்கொண்டு மேல்தட்டைத் திறந்தாள். கோழிக்கறி டப்பா மூன்றையும் திறக்காமலே ஓரம் கட்டினாள். "இது குழியிலதான். கறி விஷயத்துல சந்தேகமே கூடாது." மற்றதையெல்லாம் ஒவ்வொன்றாக முகர்ந்து, கரண்டிக் காம்பால் குத்திப் பார்த்தாள்.

"எழுந்துரு அருணா. ஓரம்தான் இளகியிருக்கு. நடுவுல கல்லு மாதிரி ஐஸ் இருக்கு. தளதளன்னு கொதிக்கவிட்டு, ஆறவெச்சு வெச்சா நாளைக்குக் கல்யாண சாப்பாடு. மூணு அடுப்பு பத்தலன்னா பின்னாடி விறகு இருக்கு. நீ போய்ப் படி."

"நீங்க ஒரு ஆளு எப்படி அண்ணி..."

"பொன்னி நடவுக்கு இருபது பேருக்கு ஆக்கிப் போடுற கை இது. போடி."

படிக்க உட்கார்ந்தாள். எழுத்து ஓடவில்லை. உள்ளேயிருந்து பாஞ்சாலையின் குரல் கேட்டது. எட்டாவதோடு களையெடுக்கப் போய்விட்டவள், எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். "வ...த்தக் குழம்பு. பன்னெண்டாந் தேதி. பஞ்சா...யத்து ராஜ், எத்தனையாவது சட்டத் திருத்தம்?"

"எழுபத்து மூணு!" அருணாதேவி இருந்த இடத்திலிருந்தே கத்தினாள்.

டப்பாவைத் திருப்பிப் பார்க்கிற சத்தம். "அட, சரிதான்! இரு, அடுத்தது. புளிக்காய்ச்சல். அடிப்படைக் கடமைகள் எத்தனை?"

"பதினொண்ணு!"

"சாம்பார்..."

பதினாலு டப்பாவும் அப்படித்தான் காலியாயின. நடுவில் சகாதேவனையும் கேட்டார்கள்; அவர் எல்லாவற்றுக்கும் தப்பாகச் சொல்லி அக்காவிடம் திட்டு வாங்கினார். ஒட்டிக்கொண்ட சப்பாத்திகளைப் பிய்த்து முட்டையில்லாமல் கொத்திப் போட்டதில் பிள்ளைகளுக்கு ராத்திரிச் சாப்பாடு முடிந்தது. சனிக்கிழமை பதினாலு பேர் சாப்பிட்டார்கள். வத்தக்குழம்பை இரண்டாம் முறை கேட்டவர்களே ஆறு பேர். யார் வைத்தது என்று கேட்டபோது பாஞ்சாலை கதவு மூடியிருந்த அறையைக் காட்டி, "அவதான். சத்தம் போடாதீங்க, படிக்கிறா" என்றாள்.

பரீட்சையில் அந்த எழுபத்து மூன்று வந்தது. அருணாதேவிக்கு ஹாலிலேயே வத்தக்குழம்பு மணந்தது.

ரிசல்ட் வந்து, கவுன்சலிங் முடிந்து, இளநிலை உதவியாளர் என்று ஆர்டர் கைக்கு வந்த வாரம், கீழ்பென்னாத்தூர் பஸ்ஸிலிருந்து பாஞ்சாலை இறங்கினாள். கையில் துணியில் சுற்றிய ஒரு ஐஸ்கிரீம் டப்பா, தொட்டால் விறைக்கிற ஜில். வீட்டுக்குள் வந்ததும் நீட்டினாள்.

"எங்க வீட்டு ஃப்ரிட்ஜுல வெச்சதுதான். சிரிக்காத."

உள்ளே தோலுரித்த பச்சை மல்லாட்டை. மூடிமேல் பிளாஸ்திரி ஒட்டி, கோணல்மாணல் எழுத்தில் கேள்வி எழுதியிருந்தது: 'எங்க வீட்டுல மொத சர்க்கார் உத்தியோகம் யாருக்கு?'

அருணாதேவி டப்பாவைத் திருப்பினாள். அடியில் அவள் பெயர் இருந்தது.