வெட்பாலை எண்ணெயும் வராத வெயிலும்

கள்ளக்குறிச்சியைத் தனி மாவட்டமாக்கி, பஸ் ஸ்டாண்டில் வெடி வெடித்து லட்டு கொடுத்தார்களே, அந்த மழை மாதம்தான். நானும் கை நீட்டினேன். கொடுத்தவர் என் கையைப் பார்த்துவிட்டு, தொடாமல் மேலேயிருந்து போட்டார். லட்டு நன்றாகத்தான் இருந்தது, ஏலக்காய் தூக்கலாக.

கச்சிராயபாளையம் பக்கம் கரும்புக்குச் சோகை, அதாவது காய்ந்த தோகை, உரிக்கிற கூலி நான். காய்ந்த சோகை கீறின இடத்தில் தூசி பட்டு, இரண்டு கையும் முழங்கை வரைக்கும் சிவந்து செதிலாக உரிந்தது. உட்கார்ந்தால் அரிப்பு, நடந்தால் அரிப்பு. ஆஸ்பத்திரி டாக்டரம்மா, "தொத்து வியாதி இல்ல பெரியவரே" என்று களிம்பு கொடுத்தார். சிவப்பு கொஞ்சம் அடங்கியது. தோல் மட்டும் காய்ந்து வெடித்துக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் என் மகனுக்கு முதல் குழந்தை, எலவனாசூர்கோட்டையில் மருமகளின் தாய்வீட்டில் பிறந்தது. எங்களில் முப்பதாம் நாள் அப்பனைப் பெற்றவன் குழந்தையை மடியில் வைத்து, காதில் மூன்று தடவை பேர் சொல்ல வேண்டும். பார்க்கப் போனபோது சம்மந்தியம்மா என் கையையே பார்த்தார்.

"தப்பா நெனைக்காதீங்க சம்மந்தி. பச்ச ஒடம்பு. உங்க தம்பிய வுட்டு பேர் சொல்லச் சொல்லலாங்களா?"

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். வழியெல்லாம் மனசு ஆறவில்லை. இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

சந்தையில் கல்வராயன் மலைக் கடுக்காய் விற்கிற அம்மா ஒருத்தி இருந்தாள். எடை போடும்போது ஒரு காய் எப்போதும் கூடவே போடுவாள், நல்ல மனசு. அவள் சொன்னாள்: "வெட்பால எலைய கையால கிள்ளி, கண்ணாடி பாட்டில்ல தேங்கா எண்ணெய ஊத்தி வெயில்ல வையி. ஊதாவா மாறும். அத்த தடவு, தோலு மெத்துனு ஆவும்."

"எத்தினி நாளு ஆவும்?"

"வெயில கேளு, என்னிய ஏன் கேக்கற?"

வெள்ளிமலை பஸ் ஏறி, இலை பறித்து வந்தேன். அடுத்த மூன்று நாளும் வானம் மேகமூட்டம், ஒரே மூடாப்பு. பாட்டிலைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன், நிறம் மாறவே இல்லை. பொறுக்க முடியாமல் எல்லாவற்றையும் சட்டியில் கொட்டி அடுப்பில் ஏற்றினேன். இலை கருகி, எண்ணெய் கறுத்துப் புகைந்தது.

என் வீட்டுக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள். "வெயிலு வரலன்னு அடுப்புல ஏத்துவியா? நல்லாருக்குதுய்யா உன் வைத்தியம்."

மறுபடி மலைக்குப் போனேன். மறுபடி பாட்டில். இந்தத் தடவை வெயில் எங்கே விழுகிறதோ அங்கே பாட்டிலும் நானும் நகர்ந்தோம். கூரை ஓரம், கோழிக்கூண்டு மேல், பக்கத்து வீட்டுச் சுவர்.

"ஒரு எடத்துல குந்தேன்யா. பாட்டில் இன்னா பறந்தா பூடும்?" என்றாள் வீட்டுக்காரி.

நாலாம் நாள் ஓரத்தில் லேசாக ஊதா தெரிந்தது. அடுத்த நாள் கத்தரிக்காய் நிறம். முழங்கை மடிப்பில் ஒரு சொட்டு தடவி, ஒரு நாள் பார்த்தேன், எரியவில்லை. பிறகு காலையும் மாலையும் தடவினேன். மிச்சம் இருந்தது மூன்றே நாள். செதில் உதிர்ந்து வெடிப்பு மூடியது. அரிப்பு பாதிக்குக் குறைந்தது.

முப்பதாம் நாள் சம்மந்தியம்மா என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னா சம்மந்தி, நாவப்பழம் தின்னுட்டு கையில தொடச்சிக்கினு வந்தீங்களா?"

"எண்ணெ கறை, போவ மாட்டேங்குதுங்க. தோலு மெத்துனு ஆயிருக்குது. முழுசா போவல, பொய் சொல்ல மாட்டேன். ஆனா தொத்து இல்ல, டாக்டரம்மா சொன்னாங்க. என்னிய நம்பலன்னாலும் அவங்கள நம்புங்க."

அவர் உள்ளே போய் வெள்ளைத் துணி ஒன்றைக் கொண்டுவந்து என் மடியில் விரித்து, குழந்தையைப் படுக்கவைத்தார். கையைத் துணிக்கு அடியிலேயே வைத்துக்கொண்டு பேர் சொன்னேன். மூன்றாம் தடவை குரல் எழும்பவில்லை.

"கொயந்தைக்கு கேட்டுச்சா?" என்றேன்.

"அதெல்லாம் கேட்டுச்சு" என்றார் சம்மந்தியம்மா.

சோகை உரிக்கிறவர்கள் யாராவது கையை மறைத்துக்கொண்டு நின்றால் நீங்கள் சொல்லுங்கள்: முதலில் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். பிறகு வெட்பாலை. அடுப்பில் மட்டும் ஏற்ற வேண்டாம் என்று மறக்காமல் சொல்லுங்கள்.