தொடக்கூடாத மண்

இந்த நாட்டில் அருவியைப் பார்க்கலாம், குளிக்கக் கூடாது. பதினோரு வருடமாக இங்கே ஓட்டல் சமையல்காரனாக இருக்கிற எனக்கு அது பழகிவிட்டது. சங்கரன்கோவிலிலிருந்து முதல்முறையாக வந்திருந்த அம்மாவுக்கு எப்படிப் பழகும்? ரோமுக்குப் பக்கத்தில் அருவியும் பழங்காலக் கோயிலும் இருக்கிற பூங்காவுக்குப் போகிறோம் என்றதுமே, விடியற்காலையில் தலை நிறைய நல்லெண்ணெய் தேய்த்து, பையில் துண்டும் சீயக்காயும் எடுத்துவைத்துவிட்டாள். ரயிலில் எதிரே இருந்த பெண் மூக்கைப் பொத்தாத குறைதான்.

சின்ன வயதில் சாரல் தொடங்கினால் அம்மா எங்களைக் குற்றாலத்துக்குப் பஸ் ஏற்றுவாள். அங்கே அருவிக்கு முன்னால் சும்மா நின்று பார்க்கிறவனைக் காய்ச்சல்காரன் என்றுதான் நினைப்போம். இங்கே எல்லோருமே கம்பியைப் பிடித்தபடி தள்ளி நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

“இம்புட்டுத் தண்ணி வீணா விழுது. டிக்கெட்டு எடுத்துட்டு ஒரு ஆளும் குளிக்கலியா?”

“குளிச்சா பிடிச்சிட்டுப் போயிருவாங்கம்மா.”

“பொறவு என்னத்துக்குல கூட்டியாந்த?”

கூட்டிவந்த காரணத்தைத்தான் சொல்ல வாய் வரவில்லை. திங்கட்கிழமை நகரமன்றத்தில் இந்த நாட்டுக் குடிமகனாக உறுதிமொழி எடுக்க வேண்டும். அத்தோடு இந்தியப் பாஸ்போர்ட் செல்லாது. அருவியழகில் அவள் மனம் இளகும்போது சொல்லிவிடலாம் என்று திட்டம் போட்டிருந்தேன். எண்ணெய்த் தலையோடு, குளிக்கவும் வழியில்லாமல், கடுகடுத்து நிற்கிறவளிடம் எதைச் சொல்ல?

மேலே ஏறினால் அந்தக் கோயில். வட்டமாகக் கல்தூண்கள், கூரை இல்லை, சாமியும் இல்லை, சுற்றிலும் கயிறு. நான் வாங்கிக் கொடுத்த ஷூவை அம்மா கழற்றினாள். படிக்கட்டில் கால் வலிக்கிறதாக்கும் என்று நினைத்தேன். அவளோ கயிற்றுக்குள் குனிந்து நுழைந்து, தூணடியில் ஒரு பிடி மண் எடுத்து நெற்றியில் பூசி, துளி வாயில் போட்டு, மீதியை முந்தானையில் முடிந்துகொண்டாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் கோமதியம்மன் கோயிலில் புற்றுமண்தான் பிரசாதம். சொறி, சிரங்கு, பரீட்சை பயம் எல்லாவற்றுக்கும் அதைத் தின்றுதான் வளர்ந்தேன்.

“சிஞ்ஞோரா, நோ!” என்று அம்மாவைக் கூப்பிட்டபடி காவலர் ஓடி வந்தார். இரண்டாயிரம் வருடத்து இடம், கூழாங்கல் எடுத்தாலும் திருட்டு, திருப்பிக் கொடுக்காவிட்டால் போலீசைக் கூப்பிடுவேன் என்றார். ஒரு புகார் போதும், திங்கட்கிழமை அம்பேல்.

“அம்மா, குடுத்துரும்மா. திங்கக்கெழம நான் இந்த நாட்டுக்காரனா சத்தியம் எடுக்கணும். எல்லாம் கெட்டுப்போயிரும்.”

இப்படியா சொல்ல நினைத்தேன்? அம்மா என்னையே பார்த்தாள். பிறகு சுருக்குப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துக் காவலரிடம் நீட்டினாள். பயத்தில் நான் எதையும் யோசிக்கவில்லை. அவர் நன்றி சொல்லி, பிரித்து, தூணடியில் மண்ணைப் பதமாகக் கொட்டித் தட்டிவிட்டார்.

திரும்பும் ரயிலில் அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். மண் அப்படியே இருந்தது.

“அப்ப அவருகிட்ட குடுத்தது?”

“நம்ம கோமதி மண்ணு. ஒனக்குன்னு கொண்டாந்தேன். நீதான் இங்கன உள்ளவனா ஆகப்போறியே, அதுவும் இங்கனயே கெடக்கட்டும்.”

“இது?”

“ஊருக்குக் கொண்டு போறேன். பிள்ள இருக்கிற எடத்து மண்ணு வீட்ல கெடக்கட்டும்.”

ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். அம்மா பார்க்காத மாதிரி இருந்துகொண்டாள்.

திங்கட்கிழமை உறுதிமொழி எடுத்தேன். அம்மா முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினாள். அவள் ஊர் திரும்பியபின், லீவு கிடைக்கிற ஞாயிறுகளில் டிக்கெட் வாங்கிக்கொண்டு அந்தத் தூண்கள்வரை ஏறுகிறேன். எங்கள் ஊர்ப் புற்றுமண் கயிற்றுக்கு அந்தப் பக்கம், தொடாதீர்கள் என்ற பலகைக்குக் கீழே பத்திரமாக இருக்கிறது. நான் இந்தப் பக்கம் நிற்கிறேன். காவலர் என்னை மறக்கவில்லை. நான் போகும்வரை என் கைகளையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.