ஆறு மாதக் கையெழுத்து

டெல் அவிவில் அமெரிக்கத் தூதரகத்துக்கு எதிரே இருந்தது அலெக்ராவின் கடை. விசாவுக்குப் படம் எடுப்பாள். உள்ளே அனுமதிக்காத பைகளையும் போன்களையும் வாங்கி வைத்துக்கொள்வாள். “காது தெரியட்டும்மா! பொண்ணு பாக்கவா வர்றாங்க?” என்று அவள் போடும் சத்தம் என் சலவைக் கடைவரை கேட்கும்.

தூதரகம் ஜெருசலேமில்தான் இருக்க வேண்டும் என்று அமெரிக்காவில் ஒரு சட்டம் உண்டு. நாட்டின் பாதுகாப்பைக் காரணம் காட்டி ஜனாதிபதி கையெழுத்துப் போட்டால், அது ஆறு மாதம் தள்ளிப்போகும். எந்தக் கட்சிக்காரர் வந்தாலும் போட்டுவிடுவார். எங்கள் தெருவில் “போட்டாச்சா?” என்றால் அது ஒன்றைத்தான் குறிக்கும்.

கடைச் சொந்தக்காரர் பெர்கோ கல்லிலும் நார் உரிக்கிறவர். அலெக்ராவுக்கு ஆறு மாதத்துக்குத்தான் ஒப்பந்தம் எழுதுவார். அங்கே கையெழுத்து விழுந்தால் இங்கே வாடகை ஏறும். “கூட்டம் எங்கயும் போகலையே!” என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு டிசம்பரில் ஜனாதிபதி, தூதரகம் ஜெருசலேமுக்குப் போகும் என்று அறிவித்துவிட்டார். பெர்கோ வெளிறிப்போய் ஓடிவந்தார்.

“அலெக்ரா, இனி இங்க ஈ, காக்கா வராது. கடையை விட்டுடாத. வாடகையை ஏத்த மாட்டேன்.”

“அப்போ இதே வாடகைக்குப் பத்து வருஷம் எழுதுங்க.”

அவர் பேனாவைத் தேடிய வேகத்தைப் பார்க்க வேண்டுமே!

அவர் போனதும் நான் கத்தினேன். “பைத்தியமா உனக்கு? காலிக் கடைக்குப் பத்து வருஷம் வாடகை கட்டப்போறியா?”

“கொடியும் பெரிய அதிகாரியும் போவாங்கப்பா. விசா கேக்குற இத்தனை ஜனத்தை அங்க எங்க நிறுத்துவாங்க? அதுக்குக் கட்டடம் வேணாமா? அறிவிச்ச அன்னிக்கே தள்ளிப்போடுற கையெழுத்தையும் போட்டிருக்காரு. நீ பேப்பர் படிக்கிறதே இல்ல.”

மே மாதம் தூதரகத்தின் பெயர்ப்பலகை மாறியது. அன்று தெருவே வெறிச்சோடிக் கிடந்தது. அலெக்ரா காப்பியை வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள். “கொஞ்சம் பயமாத்தான் இருக்கு” என்றாள். அவள் வாயில் அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை.

பழைய தூதரகக் கட்டடம் கிளை அலுவலகமானது. விசா வரிசை மட்டும் எங்கள் தெருவிலேயே நின்றது, முன்பைவிட நீளமாக.

மயாமியிலிருக்கும் மகனைப் பார்க்கப் போக ஒருநாள் பெர்கோவும் அந்த வரிசைக்கு வந்தார். படம் எடுத்துக்கொண்டவர் மெல்ல இழுத்தார்.

“அலெக்ரா, அந்த ஒப்பந்தம்... பழையபடி ஆறு மாசத்துக்கு ஒருதடவை எழுதிக்கலாமா?”

“நான் ஜனாதிபதி இல்ல, பெர்கோ. ஒருதடவைதான் கையெழுத்துப் போடுவேன்.”